நான் விழுங்கிய வரி

கடவுளையே ஏமாற்றிவிடலாம் என்று நம்பிய ஒரு முட்டாள் மலாயாவில், குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தான். அது நான்தான்.

ஜப்பான்காரன் காலம். எங்கள் வெள்ளைக்காரப் பாதிரியாரைச் சிறையில் போட்டுவிட்டார்கள். உரத்த குரல் என்ற ஒரே தகுதியால் ஞாயிறு ஜெபத்தை நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது. போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு என் அண்ணனைக் காட்டிக்கொடுத்த கங்காணியும் வருவான். முன்வரிசையில் பக்தியாக மண்டியிடுவான். அவன் வீட்டு மரவள்ளிக் கிழங்கு மட்டும் கசக்க வேண்டும் என்பதே அந்த நாளில் என் அந்தரங்க ஜெபம்.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், பிறரை மன்னிக்கும் வரி வரும்போதெல்லாம் நான் இருமுவேன். இருமி முடித்து அடுத்த வரிக்குத் தாவுவேன். சபையும் என் பின்னாலேயே தாவும். ‘என் வாயால் உனக்கு மன்னிப்புக் கிடையாதடா’ என்று உள்ளுக்குள் ஒரே குஷி. பசி இருமல் என்று நினைத்துச் சிலர் எனக்காகப் பரிதாபப்பட்டதுதான் வேடிக்கை.

ஒரு ஞாயிறு நான் வழக்கம்போல இருமினேன். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத என் அண்ணி, அந்த வரியைத் தன்னந்தனியாக உரக்கச் சொன்னார். கங்காணியின் பிடரியை முறைத்துக்கொண்டே சொன்னார். அவன் தலை கவிழ்ந்தது. என் இருமல் பாதியில் நின்றது.

வெளியே வந்ததும் சண்டைக்குப் போனேன்.

“அலமாக், என்ன அண்ணி இது! நம்ம குடியக் கெடுத்தவன மன்னிச்சிட்டீங்களா?”

“இன்னும் இல்ல தம்பி, அதான் சத்தமா சொல்றேன்.”