நண்பகலில் ஒப்பிட்ட இரண்டு சூம் லென்ஸ்கள்

போரால் மின்சாரம் நின்ற மூன்றாம் வருடம், மாசியில், என் கமராவைச் செய்த கம்பனியின் சூம் லென்சையும் வேறு கம்பனியின் மலிவான சூம் லென்சையும் நெல்லியடிச் சந்தியில் நண்பகல் வெயிலில் ஒப்பிட்டேன். படங்களில் வித்தியாசமே இல்லை. மலிவானதை வாங்கினேன்.

தரைப்பாதை மூடியிருந்ததால், பங்குனியில் தம்பி வள்ளத்தில் கடல் கடந்து கொழும்புக்குப் புறப்பட்டான். பொழுதுபடும் நேரம், வெளிச்சம் போதாது என்பதால், லென்சின் துவாரத்தை முழுதாகத் திறந்து அவனைப் படமெடுத்தேன்.

“கெதியா எடண்ணை, வள்ளம் எனக்காக நிக்காது.”

கிளாலிக் கடலில் அவன் வள்ளம் சுடப்பட்டது; அவன் இறந்துபோனான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவுமலருக்காகப் படத்தைக் கழுவினால், முகம் பனிப்புகார் மூடியதுபோல் இருந்தது.

“உதிலை என்ரை பிள்ளையின்ரை கண் எங்கை?” என்று அம்மா கேட்டார்.

நண்பகல் வெயிலில் துவாரத்தைச் சுருக்கி எடுத்ததால், மலிவான லென்சின் அந்தக் குறை தெரியாமல் போயிருந்தது. இப்போது எந்த லென்சையும் மாலை மங்கலில், முழுதாகத் திறந்து, ஒரு முகத்தை எடுத்தே சோதிக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். தம்பி மீசை வைத்தபின் எடுத்த வேறு படம் எங்களிடம் இல்லை.