கூத்தாநல்லூரில் தேய்ந்துபோன அரை நிமிடம்

போன மாதம் மகளின் கல்லூரி விழாவில் எழுந்து நின்று கைதட்டினேன். அவள் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று சத்தம் நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். வாசிப்புக்கு நடுவே வேண்டுமென்றே விட்ட இடைவெளியாம் அது. அரங்கம் முழுக்க உட்கார்ந்திருக்க, நான் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தேன். பத்தாவதோடு படிப்பை விட்டு டைல்ஸ் கடையில் உட்கார்ந்தவனுக்கு ஜாஸ் எங்கே முடியும் என்று எப்படித் தெரியும்?

திரும்பி வரும்போது அவள் கோபப்படவில்லை. "அது எப்படி முடியுதுன்னு எனக்கே தெரியாதுப்பா. சும்மா ஒப்பேத்தினேன்" என்றாள். இந்தப் பயணம் அந்தப் பேச்சில் தொடங்கியது.

அவள் தலையில் தூக்கி வைத்திருப்பது ஒரு அமெரிக்க டிரம்மரை. (பெயரை எழுதக்கூடாது என்று உத்தரவு. நான் எழுதினால் அவருக்கே அடையாளம் தெரியாதாம்.) இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு, பெரிய பேண்டுகளின் இசைக்கு ஜனங்கள் ஜோடி போட்டு ஆடிய ஸ்விங் காலத்து ஆள். சின்ன வயதில் நாடகக் கொட்டகையில் வாசித்து, அப்புறம் ஒரு பெரிய பேண்டில் சேர்ந்தார். பின்வரிசையில் இருந்த அவரைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்ததாம். அந்தத் தைரியத்தில் சொந்த பேண்டு தொடங்கினார். யுத்தம் முடிந்தது, ஆட வருகிறவர்கள் குறைந்தார்கள், பேண்டைக் கலைத்துவிட்டு டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார்.

அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம். அதில் டிரம்ஸுக்குத் தனியாக நேரம் ஒதுக்க கம்பெனிக்காரர்களுக்கு மனசு வராதாம். இவருக்கு ஒரே ஒரு தட்டில் அரை நிமிடம் விட்டிருக்கிறார்கள். விழாவில் மகள் வாசித்ததும் அதைத்தான். இணையத்தில் மகளுக்குக் கிடைத்ததெல்லாம் வயதான பிறகு அவர் அதையே மெதுவாக, வேறு மாதிரி முடித்து வாசித்ததுதான். வருகிற ஞாயிறு, சென்னையில் இந்த மாதிரிப் பாட்டுகளை வாசிக்கும் ஒரு குழு இவளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கப் போகிறது. எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்றார்கள். இவள் இதைத்தான் வாசிப்பேன், ஒப்பேற்றாமல் வாசிப்பேன் என்று பிடிவாதம். தேறினால் ஜாகை சென்னைக்கு.

குளியலறை டைல்ஸ் பார்க்க வந்த கூத்தாநல்லூர்க்காரர் ஒருவரிடம் இதைப் புலம்பினேன். தன் மாமாவிடம் பழைய வெளிநாட்டுத் தட்டு ஒன்று இருப்பதாகச் சொல்லி, மறுநாள் போட்டோ அனுப்பினார். மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். அதே தட்டு.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து என் பழைய காரில் கிளம்பினோம். வடுவூர், மன்னார்குடி வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. சம்பா அறுப்பு நேரம். அறுவடை மெஷின் ஒன்று முன்னால் போக, நான்கு கிலோமீட்டருக்கு அதன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். வடுவூர் ஏரியில் பறவைகள் நிறைய இருந்தன. மகள் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. மன்னார்குடியில் இட்லி, பொங்கல், காபி, இரண்டு பேருக்கும் நூற்று அறுபது ரூபாய். ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தட்டு வைத்திருந்த அந்த மாமா, பாய்க்கு எழுபது தாண்டியிருக்கும். கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டியவர். தட்டு, மலேயாவில் கடை வைத்திருந்த அவருடைய தாய்மாமா கொண்டுவந்தது.

"பாட்டுன்னு இத யாரும் கேட்டதில்ல தம்பி. குழாய் கிழிஞ்சிருக்கா நல்லாருக்கான்னு பாக்கத்தான் இது. கொட்டு விழுந்தா கிழிசல் உடனே தெரிஞ்சுபோயிடும்" என்றார்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கிளம்பும் முன் கொல்லைத் தென்னையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டு, தட்டில் டிரம்ஸ் தனியாக வரும் இடத்தில் பிளேயர் முள்ளை வைப்பார்களாம். மற்ற வாத்தியங்கள் சேர்ந்ததும் எடுத்துவிடுவார்களாம்.

தட்டை உறையிலிருந்து உருவியதும் விஷயம் புரிந்துவிட்டது. தட்டு முழுக்கப் பளபளவென்று கறுப்பு. ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் சாம்பல் பூத்திருந்தது. பிளேயரில் வைத்தார். நேற்று வாசித்ததுபோல் தெளிவாகக் கேட்டது. டிரம்ஸ் வரவேண்டிய இடத்தில் அப்பளம் பொரிகிற சத்தம். அது முடிந்ததும் பேண்டு மறுபடி பளிச்சென்று வந்தது. மகள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பாய்க்குச் சங்கடமாகிவிட்டது. அந்த அரை நிமிடத்தைத் தானே பிளேயர் பெட்டி மூடியில் தட்டிக் காட்டினார். டீ கொண்டுவந்த அவர் மனைவி பாயம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"அது இல்ல. கடைசில ஒரு அடிய விட்டுட்டுல்ல அடிப்பான்."

"கேட்டுக்கேட்டுக் காது தேஞ்சவன் நானு. எனக்குத் தெரியாதா?"

"நீங்க மரத்து மேல குழாய்க்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருந்தீங்க. கீழ முள்ள வச்சது யாரு?"

டீ ஆறியது. இருவரும் மாறி மாறித் தட்டிக் காட்டினார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. மகள்தான் பையிலிருந்து குச்சிகளை எடுத்தாள். தட்டை மறுபடி போடச் சொன்னாள். அப்பளச் சத்தம் ஆரம்பித்ததும் அதோடு சேர்ந்து நாற்காலி முதுகில் பாய் சொன்னபடி வாசித்தாள். அவள் முடித்துக் காத்திருக்க, பேண்டு பின்தங்கி வந்தது. அடுத்து பாயம்மா சொன்னபடி. ஓர் அடியை விட்டுக் கடைசி அடி விழுந்ததுதான் தாமதம், மொத்தப் பேண்டும் அதன்மேல் வந்து சேர்ந்துகொண்டது. மூன்று தடவை போட்டும் அப்படியே. மகள் எழுந்து பாயம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாய் தட்டை நிறுத்தினார். "அப்ப இத்தன வருஷமா நான் தப்பாத்தான் தட்டிக்கிட்டு இருந்தேனா?"

"இதுல மட்டுமா?" என்றார் பாயம்மா.

சாப்பிடாமல் விடவில்லை. கிளம்ப மூன்று மணி ஆனது.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம், அதைத் தவிர்த்துவிடுங்கள். சாலையில் நெல் காயப்போட்டிருப்பார்கள், ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போங்கள். பெட்ரோல் போக வர எழுநூறு ரூபாய் ஆனது. அந்த ஊர் ரவை இனிப்பான தம்ரூட்டை அரை கிலோவாகவே வாங்குங்கள். நான் கால் கிலோ வாங்கினேன், வடுவூர் வருவதற்குள் காலி. பழைய தட்டு யார் வீட்டில் இருந்தாலும் தேய்ந்துவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள். அதைக் கேட்டவர்கள் அடுப்படியில் இருக்கலாம்.

திரும்பும் வழியெல்லாம் மகள் கார் டேஷ்போர்டில் அந்த முடிவையே வாசித்துக்கொண்டு வந்தாள். தஞ்சாவூர் நெருங்கும்போது நிறுத்திவிட்டு, "கிடைச்சிடுமாப்பா?" என்று கேட்டாள். கண்டிப்பா கிடைச்சிடும் என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைக்கிறேன். கிடைக்காவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீ இங்கேயே இருப்பாய், எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.