திரையில் உப்பித் தெரிந்தது

விமான நிலையத்தில் பெட்டிகளைப் பார்க்கும் வேலையில் சேர்ந்த பிறகு எனக்கு உலகம் மூன்று நிறமாகிப் போனது. துணி, சாப்பாடு, தோல், காகிதம், சோப்பு எல்லாம் ஆரஞ்சு. இரும்பும் செம்பும் நீலம். இரண்டுக்கும் நடுவில் கிடப்பவை பச்சை. எக்ஸ்ரே மெஷினுக்குள் பெட்டி நுழைந்ததும் அதன் தோல் கரைந்து, உள்ளே இருப்பதெல்லாம் கண்ணாடித் தண்ணீரில் மிதப்பதுபோல் திரையில் நகரும். மாவு உருண்டை, பித்தளை விளக்கு, குழந்தையின் செருப்பு, மாத்திரை அட்டை. யாரோ முகம் தெரியாத ஒருவரின் வீடு முழுக்க என் கண் முன்னால் மெதுவாகப் போகும்.

லீவு நாளில் வல்லத்திராக்கோட்டையில் வீட்டில் இருக்கும்போதும் அது விடாது. கத்தரிக்காய் நறுக்கினால் அரிவாள்மனை நீலமாகவும் காய் ஆரஞ்சாகவும் தோன்றும். ஒருமுறை கனவில் எங்கள் ஊர்க் குளம் பெல்ட்டில் ஏறி வந்தது. கெண்டைகள் ஆரஞ்சு நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நீந்த, அடியில் யாரோ தவறவிட்ட செம்புக்குடம் ஒன்று நீலமாய்க் கிடந்தது. நான் பட்டனை அழுத்தி அதை நிறுத்தப் பார்த்தேன். குளம் நிற்காமல் போய்விட்டது.

அந்த மெஷினுக்கு இன்னொரு குணம் உண்டு. அது பொய் சொல்லும். எங்கள் கவனம் மங்கிவிடக் கூடாது என்பதற்காக, உண்மையான பெட்டியின் படத்துக்குள் அவ்வப்போது ஒரு வெடிகுண்டின் படத்தையோ துப்பாக்கியின் படத்தையோ தானாகவே செருகிவிடும். பார்த்தவுடன் நான் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால், இது சோதனைக்காக வைத்த படம், சரியாகக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுத்து வரும். குண்டு மறைந்துபோகும். பாவம், அந்தப் பெட்டிக்காரர் தன் பெட்டிக்குள் ஒரு நொடி குண்டு இருந்ததே தெரியாமல் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் யோசித்தார். லோடு வேன் ஓட்டுகிறவர். எதையும் நிதானமாகத்தான் கேட்பார்.

"அப்ப நீ இத்தன வருசத்துல புடிச்ச குண்டு பூராம் பொய்க்குண்டுதானா?"

ஆமாம் என்றேன். நிஜமாக ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

"அப்படின்னா நீ பாக்குறதுனால ஒண்ணும் வராம இருக்கா, இல்ல சும்மாவே ஒண்ணும் வராதா?"

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியோடுதான் பல நாள் காலையில் பஸ் ஏறினேன். புதுக்கோட்டையில் மாறி, கீரனூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் பாதித் தூக்கத்தில் நார்த்தாமலைக் குன்றுகள் கடந்துபோகும். லேப்டாப்பைத் தனியாக எடு, பவர் பேங்க்கைப் பெட்டியில் போடாதே, போனை ட்ரேயில் வை என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். ஜனங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்கிறார்கள். யாருக்காக இதெல்லாம் என்று எனக்கே சில நாள் தோன்றும். பஸ்ஸின் ஆட்டத்தில் அந்த நினைப்பும் கரைந்துவிடும்.

அந்த அட்டைப்பெட்டி வந்தது ஒரு முற்பகலில். வளைகுடாவுக்குப் போகிற விமானம். நீல நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தது. அந்த முடிச்சைப் பார்த்தாலே கடற்கரை ஆள் கட்டியது என்று தெரியும். உள்ளே கருவாட்டுப் பொட்டலம், ஊறுகாய் டப்பா, துணி. ஒரு கைலியின் சுருட்டலுக்குள் கையடக்கமான ஒரு கருவி. அதன் முதுகில் இருந்த பேட்டரியின் ஓரக்கோடு நேராக இல்லை. நடுவில் உப்பி, இரண்டு பக்கமும் சரிந்திருந்தது. பேட்டரி என்றால் கோடு நேராக இருக்க வேண்டும். நான் பெல்ட்டை நிறுத்தினேன். முதலில் இதுவும் மெஷின் வைத்த பொய்யாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். பட்டனை அழுத்தினேன். எழுத்து எதுவும் வரவில்லை. படம் மறையவில்லை.

பெட்டிக்காரரைக் கூப்பிட்டார்கள். ஐம்பதை நெருங்குகிறவர், ஜெகதாப்பட்டினத்துக்காரர். புதுச் சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை. கயிற்றை அவரே அவிழ்த்தார். கைலிக்குள்ளிருந்து கருவியை எடுத்து இரண்டு கையாலும் மேஜைமேல் வைத்தார். படகில் திசையும் இடமும் காட்டும் ஜி.பி.எஸ். ரப்பர் உறையெல்லாம் உப்பு பூத்து வெளுத்திருந்தது. பழைய பேட்டரி செத்துப்போனதால் உள்ளூர்க் கடையில் வேறொன்றை வைத்து ஈயம் பற்றவைத்து வாங்கியிருக்கிறார். அது வீங்கி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. மேலே டேப் ஒட்டியிருந்தார்.

ஷிப்டு அதிகாரி விதியைச் சொன்னார். வீங்கிய பேட்டரி பெட்டியிலும் போகக் கூடாது, கைப்பையிலும் போகக் கூடாது. அதை அகற்றிவிட்டால் கருவியை மட்டும் கொண்டுபோகலாம்.

அவர் அதிகாரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கழட்டுனா உள்ள இருக்குறது அழிஞ்சிருமாம்மா?"

எனக்குத் தெரியாது. அப்படியே சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். எடம் எல்லாம் இருக்கு என்றார். எந்த இடத்தில் எந்த மாதம் மீன் கூடும், எந்தப் பாறையில் வலை கிழியும், எந்த இடத்தைத் தாண்டினால் அடுத்த நாட்டுக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும், எல்லாவற்றையும் இருபது வருடக் கடலில் ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருக்கிறார். போன வருடம் அவரையும் படகையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆட்கள் திரும்பி வந்தார்கள். படகு வரவில்லை. அதற்கு முந்தின வாரம் மூடியை இறுக்குவதற்காக வீட்டில் எடுத்து வைத்திருந்ததால் இது தப்பியது. இப்போது அரபு நாட்டில் வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறார்.

அந்தக் கடலுக்கு இது உதவாதே என்று அதிகாரி மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒதவாது சார். கையில இருந்தா போதும்னு கொண்டாந்தேன்."

கொஞ்ச நேரம் அதை வருடிக்கொண்டே நின்றார். பிறகு, கழற்ற வேண்டாம், வெளியே சம்சாரம் நிற்கிறது, கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார். விமானத்தில் ஏறாத பொருளைப் பற்றி எங்களுக்கு வேறு விதி இருக்கவில்லை. ஒரு காவலர் அவரை வாசல்வரை கூட்டிப்போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் கையை நீட்டி வாங்குவது தெரிந்தது. அவர் திரும்பி வந்து கயிற்றைக் கட்டினார். அதே முடிச்சு.

என் ஷிப்டு முடிந்து வெளியே பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது அந்தப் பெண் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். விமானம் மேலே ஏறுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தாராம். எது தன் வீட்டுக்காரர் போகும் விமானம் என்று தெரியாததால் போனதையெல்லாம் பார்த்திருக்கிறார். மடியில் துணிப்பை. என் சீருடையைப் பார்த்து ஒதுங்குவார் என்று நினைத்தேன். நகர்ந்து இடம் கொடுத்தார். அதைச் சார்ஜ் போட்டுவிடாதீர்கள், அழுத்தாதீர்கள், நாளைக்கே கடையில் கொடுத்துக் கழற்றிவிடுங்கள் என்று சொன்னேன். சரி தங்கச்சி என்று தலையாட்டினார்.

புதுக்கோட்டை பஸ் வந்தது. பள்ளிக்கூடம் விட்ட நேரம், நிற்கவும் இடமில்லை. அவருக்கு முன்வாசல் பக்கம் பிடித்து நிற்க ஒரு கம்பி கிடைத்தது. எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார இடம் கிடைத்தது. மேற்கு வெயில் சாய்வாக உள்ளே விழுந்து எல்லோர் முகமும் ஒரே மஞ்சளாகியிருந்தது. கீரனூர் தாண்டியதும் கண் சொருகியது. எங்கோ பழுத்த பழம்போல ஒரு வாசனை. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தால் வருமே, அதுபோலவும் இருந்தது. தூக்கத்துக்குள் அது இனிமையாகத்தான் இருந்தது. யாரோ பலாப்பழம் கொண்டுபோகிறார்கள், அது ஆரஞ்சாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் விழிப்புத் தட்டியது. பேட்டரி கசிந்தால் வரும் அந்த வாசனையைப் பற்றிப் பயிற்சியின்போது சொல்லியிருந்தார்கள்.

எட்டிப் பார்த்தேன். அந்த அக்காவின் கையில் பை இல்லை. நெரிசலில் யாரும் அழுத்திவிடக் கூடாது என்று, நான் சொன்னதற்காகவே, டிரைவர் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் மூடிமேல் பத்திரமாக வைத்திருந்தார். அந்த மூடியின் சூடு பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரியும்.

நான் போட்ட சத்தத்தில் டிரைவர் ஓரம்கட்டினார். சீருடை அன்றைக்கு உதவியது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, இறங்கினார்கள். பைக்கு மேலே மெல்லிய புகை ஆடியது. அக்கா அதை நோக்கிப் போனார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். கிளீனர் ஜாக்கி ராடை எடுத்துப் பையின் காதில் மாட்டி, கையை முழுக்க நீட்டியபடி படியிறங்கி, சாலைக்குக் கீழே செம்மண்ணில் வீசினார். விழுந்த இடத்தில் சீறல் கேட்டது. பிறகு வெள்ளையாக ஒரு தீ, கண் கூசும்படி, சின்னதாக எழுந்தது. மண்ணை வாரிப் போட்டார்கள். அடங்கியதுபோல் இருந்து மறுபடி எரிந்தது. அதற்கு அவசரமே இல்லை. தூரத்தில் நார்த்தாமலைக் குன்றுகள் ஊதாவாக நின்றன. பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தனை பேரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், கோயிலில் கற்பூரம் எரிவதைப் பார்ப்பதுபோல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா அழவில்லை. தீ முழுக்கத் தணிந்தபின் கேட்டார்.

"இது ஏரோப்ளேனுக்குள்ள எரிஞ்சிருந்தா எப்படி எறங்குவாக?"

இறங்க முடியாது அக்கா என்றேன். அவர் மேலே பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை. அவருடைய வீட்டுக்காரர் அந்நேரம் கடலுக்கு மேலே எங்கேயோ போய்க்கொண்டிருப்பார்.

மறுபடி பஸ் கிளம்பியபோதுதான் எனக்கு அது உறைத்தது. ஒரு விமானத்திலிருந்து எடுத்த ஆபத்தை ஒரு பஸ்ஸில் ஏற்றியிருந்தோம். மேலே போகிறவர்கள் பத்திரம், கீழே போகிறவர்களைப் பற்றி எந்தத் தாளிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதுவுமில்லாமல், அன்றைக்கு அந்த ஒரு பேட்டரிக் கோடு என் கண்ணில் பட்டது. கண்ணில் படாமல் போனவை எத்தனையோ. சோதனையால் ஜனங்களுக்குப் பாதுகாப்பா என்று இப்போது யாராவது கேட்டால், ஆமாம் என்பேன். அந்த விமானத்தில் போனவர்களுக்காக அதை அடித்துச் சொல்வேன். ஆனால் அதற்குமேல் பெருமையாக எதுவும் சொல்ல வாய் வராது. பிடிப்பது பாதி வேலை. பிடித்ததை எங்கே வைப்பது என்பது மீதிப் பாதி.

மறுநாள் ஷிப்டு அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த வாரமே மணல் நிரப்பிய இரும்புப் பெட்டி ஒன்று சோதனை மேஜைக்குப் பின்னால் வந்தது. வீங்கிய பேட்டரி எதுவும் யார் கையிலும் திரும்பிப் போகக் கூடாது என்று பலகையில் எழுதினார்கள். கருவியோடு ஒட்டியிருந்தால் பிரித்துக் கொடுக்க, பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரை வரவழைக்க ஏற்பாடு செய்தார்கள். சின்ன ஏற்பாடுதான்.

அன்று பஸ்ஸில் அக்கா என் நம்பரை வாங்கியிருந்தார். சில வாரம் கழித்துக் கூப்பிட்டு, ஒருநாள் சாப்பிட வரச் சொன்னார். லீவு நாளில் அறந்தாங்கி போய் ஜெகதாப்பட்டினம் பஸ் ஏறினேன். ஐஸ் கம்பெனியைத் தாண்டி, வலை காயும் சந்துக்குள் வீடு. நண்டுக் குழம்பு வைத்திருந்தார். எரிந்துபோனதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டீர்களா என்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்க முடிந்தது.

சொல்லிவிட்டாராம். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவர் கேட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டு, குறித்து வைத்திருந்த இடங்களை ஒவ்வொன்றாக இவரிடம் சொல்கிறாராம்.

"நா கடலுக்குப் போனதே இல்ல தங்கச்சி. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? இருந்தாலும் சொல்லுறாக. நான் உம் கொட்டிக்கிட்டே இருக்கேன்."

வெயில் தாழ்ந்ததும் கரைக்குப் போனோம். விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே தெரியாத வெள்ளை மூட்டம். அக்கா அதற்குள் கையை நீட்டி, அங்கிட்டு அடியில ஒரு கல் இருக்காம், கார்த்திகையில் சீலா மீன் வந்து நிற்குமாம் என்றார். இன்னொரு பக்கம் காட்டி, இங்கிட்டு சேறாம், வலை போடக் கூடாதாம் என்றார். அவர் விரல் போன பக்கமெல்லாம் நானும் பார்த்தேன். ஊடுருவிப் பார்ப்பதுதான் என் வேலை. அங்கே எனக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவு நிச்சயமாகக் காட்டினார்.

புறப்படும்போது தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மீன் கொடுத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அறந்தாங்கி வரைக்கும் அது என் காலடியில் சொட்டிக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த பெண் புடவையைத் தூக்கிக்கொண்டு, என்ன மீன் என்று கேட்டாள். எனக்குப் பெயர் தெரியவில்லை. மூடியை லேசாகத் திறந்து அவளிடம் காட்டினேன்.