நபீலா மிஸ் காத்திருக்க மறுத்த இரண்டரை மாதம்

நபீலா மிஸ் இறந்த செய்தி வந்தபோது, மமோகிராம் இயந்திரம் வேலை செய்யவில்லை என்று ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூதூரிலிருந்து அவருடைய சக ஊழியர் அழைத்தார். "மிஸ் மௌத்தாகிட்டா. விடிய நெஞ்சு நோவுது எண்டவ. அசர் தொழுகையோட அடக்கம்." திருகோணமலை ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் அன்று கடமையில் நான் ஒருத்திதான். போக முடியவில்லை. பாதியில் விட்ட வாக்கியத்தை அந்தப் பெண்ணிடம் சொல்லி முடித்தேன். படம் எடுக்க வேறு மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

ஈச்சிலம்பற்றுப் பக்கத்துக் கரையோர ஊர்களில் குடும்பநல உத்தியோகத்தராக அவர் வீடு வீடாக நடந்தவர். மார்பில் கட்டி என்று ஒருத்தி தயங்கிச் சொன்னால் போதும், அவரே பஸ்ஸில் ஏற்றித் திருகோணமலைக்குக் கூட்டி வருவார். ஊரில் அவருக்கு நல்ல பெயர். எங்கள் பிரிவிலோ, அவர் தலை தெரிந்தாலே முகம் சுளிப்போம். நானும் சுளித்தவள்தான்.

எங்களுக்குள் முதல் வாக்குவாதம் இலங்கைத்துறைச் சுகந்தியால் வந்தது. முப்பத்தாறு வயது, கரையில் மீன் வாங்கி விற்பவர். நான்தான் மமோகிராம் எடுத்தேன். சந்தேகப்பட எதுவும் இல்லை என்று அறிக்கை போனது. அடுத்த வாரமே மிஸ் அவரைத் திரும்பக் கூட்டி வந்தார்.

"கையில கட்டி தட்டுப்படுது, தங்கச்சி. படத்துல இல்லையெண்டா அது எங்க போன?"

"அறிக்கை டொக்டர் எழுதினது, மிஸ். நான் என்ன செய்ய ஏலும்?"

"ஸ்கானுக்கு அனுப்பச் சொல்லிக் கேக்க ஏலும்."

அவர் கேட்டதில் பிழையில்லை. இளவயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருந்தால் அதுவும் படத்தில் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடும். ஒலி அலையால் பார்க்கும் ஸ்கானில் பெரும்பாலும் பிரித்துப் பார்த்துவிடலாம். இதைப் படித்துத் தேறியவள் நான். ஆனால் ஸ்கானுக்குத் திகதி கேட்டபோது இரண்டரை மாதம் கழித்துத்தான் தந்தார்கள். திகதி எழுதிய துண்டை மிஸ் வாங்கவேயில்லை. சுகந்தியோடு ஸ்கான் அறை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். பின்னேரம் வெளியே வந்த டொக்டர், "இன்னும் போகேல்லையா?" என்று கேட்டார்.

"கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இரிக்கி, டொக்டர்."

டொக்டர் எரிச்சலோடுதான் ஸ்கான் செய்தார். கட்டி தெரிந்தது, விளிம்பெல்லாம் ஒழுங்கற்று. ஊசியால் திசு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய். சத்திரசிகிச்சை நடந்தது. சுகந்தி இன்று உயிரோடு இருக்கிறார், மீன் விற்கிறார். இதை மகிழ்ச்சியான முடிவு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வாசலில் குந்தியிருக்க ஆள் இல்லாத பெண்களுக்கு அந்த இரண்டரை மாதம் அப்படியேதான் இருந்தது.

பிறகு மமோகிராம் இயந்திரமே நின்றுபோனது. திருத்த வருகிறோம் என்றார்கள், உதிரிப்பாகம் இல்லை என்றார்கள். வெளி மாவட்டத்துக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிய பெண்களில் ஒருத்தி, சின்னப் பிள்ளைகளை விட்டுப் போக வழியில்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாள். திரும்ப வந்தபோது கட்டி புண்ணாகியிருந்தது. அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் மிஸ் மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதி, என்னிடம் கையெழுத்துக் கேட்டு வந்தார். இடமாற்றம் கிடைக்கும் என்று பயந்து நான் மறுத்தேன். அவர் சத்தம் போடவில்லை.

"பயப்படுறது பிழையில்ல, தங்கச்சி. ஆனா மௌத்தான அந்தப் புள்ளட உம்மாக்கிட்ட இத நீங்கதான் சொல்லணும். என்னால ஏலாது."

தனிக் கையெழுத்தோடு அவர் அனுப்பிய கடிதத்துக்கு, மேலதிக நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு வரிப் பதில் வந்தது. அவர் அடக்கமாகி ஒன்பதாம் நாள் வந்தது.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் ஆளுக்காள் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். அவர் இருந்தவரை பதில் போடாதவர்களும் முன்வரிசையில் இருந்து தலையசைத்தார்கள். எனக்கு எழுந்து வெளியே போகத் தோன்றியது. நபீலா மிஸ்ஸிடம் பொறுமை இருந்ததேயில்லை. இருந்திருந்தால் சுகந்தி இன்று இல்லை.

இயந்திரம் இன்றும் துணி போர்த்திக் கிடக்கிறது. என் பெயரில் இரண்டு முறைப்பாடுகள் அனுப்பிவிட்டேன், பதில் இல்லை. வெளி மாவட்டத்துக்கு அனுப்பும் ஒவ்வொருவருடைய தொலைபேசி எண்ணையும் வாங்கி, போனார்களா என்று கேட்கிறேன். போகவில்லை என்றால் சத்தம் போடுகிறேன், பிறகு பஸ் நேரம் சொல்கிறேன். என்னைக் கண்டாலும் இப்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள். மிஸ்ஸிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவருடைய கோபம். அதை நான் ஆறவிடப் போவதில்லை.