எர்த் கொடுக்காமல் மூடிய ப்ளக் பாயிண்ட்

அந்த ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்கிக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பும்போதுதான் எனக்கு அந்தப் பச்சை ஒயர் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு பூசையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

நம் அன்பியச் செபக் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று சாட்சி சொல்கிறீர்கள். எனக்கு மைக்கைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். யாராவது படித்துவிடுங்கள்.

திருபுவனையில் நான் பேக்கிங் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நாற்பத்து மூன்று வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? வில்லியனூரில் பெண்களுக்கு ஆறு மாத எலக்ட்ரீஷியன் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். பன்னிரண்டு பேரில் நான்தான் மூத்தவள். சொல்லிக்கொடுக்கும் சாருக்கே என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. அவரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வகுப்பில் நான் வாயே திறக்க மாட்டேன். ஆனால் கை நன்றாக ஓடியது.

போன ஆவணியில் எங்களை வேலை பழக ஏம்பலத்தில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பழைய வீட்டோடு ஒட்டிப் புதிதாக ஒரு ஹாலும் சமையல் அறையும் கட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை புதுமனை புகுவிழா. நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. அந்த வீட்டுக்காரம்மா பெயர் தனலட்சுமி. சமையல் அறை மூலையில் அதற்குள் சாமி படம் வைத்து விளக்கேற்றிவிட்டார்கள்.

"ஷூவெல்லாம் வெளியவே வுட்டுட்டு வாங்கம்மா. சாமி இருக்குது" என்றார் தனலட்சுமி.

ரப்பர் அடி ஷூ இல்லாமல் போர்டில் கை வைக்கக் கூடாது என்று சார் முதல் நாளே சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியும். ஆனால் ஒருத்தர் வீட்டுக்குள், அதுவும் விளக்கு எரியும் இடத்துக்கு, செருப்போடு எப்படிப் போவது? நம்மில் யாருக்குத்தான் மனசு வரும்? முடியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. கழற்றிவிட்டேன். தண்ணீர் ஊற்றி ஆற்றிய புது சிமெண்ட் தரை, ஈரம். மெயினை நிறுத்தியிருந்தாலும் வெறுங்காலோடு நிற்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சீக்கிரம் முடித்தால் போதும் என்று இருந்தது.

கிரைண்டருக்கான ப்ளக் பாயிண்டை நான்தான் கட்டினேன். சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் போட்டு முறுக்கியாகிவிட்டது. எர்த் ஒயர், கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்குகிற அந்தப் பச்சை, ஒரு விரல் அளவு குட்டையாக இருந்தது. துண்டு ஒயர் எடுத்து நீட்ட வேண்டும். அந்த நேரம் தனலட்சுமி டீயும் வடையும் கொண்டுவந்தார்.

"ஏம்மா, எங்க பழைய கிரைண்டர் தொட்டா சுருக்சுருக்குனு கடிக்குது. இந்த பாயிண்ட்ல போட்டா கடிக்காதுல்ல?"

"கடிக்காதுங்க. எர்த் குடுக்கறோம்ல" என்றேன்.

டீ குடித்துவிட்டு வந்ததில் பச்சை ஒயரை நீட்ட வேண்டியது மறந்தே போனது. ஒயரை மடித்து உள்ளே தள்ளி, மேல் பிளேட்டை வைத்துத் திருகிவிட்டேன். எர்த் இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், மிக்ஸி ஓடும். வெளியே ஒன்றும் தெரியாது. சார் வந்து கேட்டார். "முடிஞ்சிது சார்" என்றேன். "அக்கா பண்ணா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலை விட்டு வெளியே ஓடிவந்து சாருக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். தனலட்சுமி நம்பர் என்னிடம் இல்லை. கூடப் படிக்கும் பாகூர் கலாவைக் கூப்பிட்டேன்.

"சாரு ஊர்ல இன்னைக்கு கெடா வெட்டுக்கா. போன எங்க எடுக்கப் போறாரு? இன்னாக்கா ஆச்சு?"

சொன்னேன்.

"அய்ய, இதுக்கா இப்புடி பதர்ற? எர்த் இல்லாட்டி இன்னா, கிரைண்டர் ஓடும்ல?"

"ஓடும்டி. அதான்டி பயமா இருக்குது."

நாளைக்கு விசேஷம். இன்றைக்கு மாவாட்டுவார்கள். ஈரக் கை, வெறுங்கால், ஈரத் தரை. கடிக்காது என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்தம்மா நம்பிக் கையை வைப்பார்.

வீட்டுக்கு ஓடி டூல்ஸ் பையையும் ரப்பர் அடி ஷூவையும் எடுத்துக்கொண்டு ஏம்பலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் கிளம்பவில்லை. எழுந்து நின்றேன். மறுபடி உட்கார்ந்தேன். பிறகு போய் கண்டக்டரிடம், "எப்பண்ணா எடுப்பீங்க?" என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்கிற ஆள் கிடையாது.

"இன்னா யக்கா, பந்தியில எல போட்டுட்டாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசில் அடித்தார்.

வழியெல்லாம் செபமாலை கையில் இருந்தது. ஆனால் மணி எண்ண முடியவில்லை. "ஆண்டவரே, நான் போய்ச் சேருகிற வரைக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும். மாதாவே, அந்தம்மாவை அந்தப் பக்கம் விடாதீர்கள்." இதையே சொன்னேன். நடுவில் கெட்ட எண்ணமும் வந்தது. யாருக்கும் தெரியாமல் சரி பண்ணிவிட்டு வந்துவிடலாமா? தெரிந்தால் சர்டிபிகேட் கிடைக்குமா? அதையும் ஆண்டவரிடம் சொன்னேன். என்னை மன்னியும், எப்படியாவது என் வாயைத் திறந்துவிடும் என்று கேட்டேன்.

ஏம்பலத்தில் இறங்கி ஓடினேன். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். உள்ளே தனலட்சுமி கிரைண்டர் முன்னால், மீதி ஊறின அரிசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"வாம்மா கரண்டுக்காரம்மா! நல்ல நேரத்துல வந்த. அரிசியப் போட்டு சுச்சுல கைய வெக்கப் போறேன், போயிடுச்சு கரண்டு. லைன்ல மரக்கெள வெட்றாங்களாம். ரெண்டு மணி நேரமா இப்புடியே குந்திக்கினு இருக்கறேன்."

நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

பிறகு என் வாய் திறந்தது. அத்தனை பேர் முன்னால் சொன்னேன். "நான் தப்பு பண்ணிட்டேங்க. எர்த் குடுக்காம மூடிட்டேன். கிரைண்டரத் தொடாதீங்க."

தனலட்சுமி முகம் மாறியது. "ஏம்மா, நீ கத்துக்கறதுக்கு எங்க வூடுதான் கெடச்சுதா?" என்றார். நியாயம்தான். மெயினை நிறுத்தினேன். ஷூவோடு சமையல் அறைக்குள் காலை வைத்தேன்.

"சாமி இருக்குதுன்னு சொன்னேன்ல?"

"தெரியுங்க. கழட்ட மாட்டேன். வேணும்னா படத்த எடுத்து ஹால்ல வெச்சிக்கோங்க."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் முணுமுணுத்துக்கொண்டே படத்தை எடுத்துப் போனார். கிரைண்டர் ப்ளக்கை உருவிவிட்டு, பிளேட்டைக் கழற்றினேன். பச்சை ஒயர் நான் மடித்துத் தள்ளினபடியே கிடந்தது. துண்டு சேர்த்து நீட்டி, முறுக்கி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து மூடினேன்.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. மெயினைப் போட்டேன். டெஸ்ட் லாம்பை லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. எர்த் சரி. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கிரைண்டரைச் செருகி, நானே சுவிட்சைப் போட்டேன்.

டப்பென்று ஃபியூஸ் போனது.

வேறு ஃபியூஸ் கட்டிப் போட்டேன். மறுபடியும் டப். தனலட்சுமி அரிசியை அள்ளி எடுத்ததும் கிரைண்டரைத் திருப்பிப் பார்த்தேன். பழைய வீட்டிலிருந்து இழுத்து வரும்போது அடியில் ஒயர் நசுங்கி, உள்கம்பி வெளித் தகரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது கரண்ட் எர்த்தில் இறங்கி ஃபியூஸைத் தட்டியது. நான் வருவதற்கு முன்னால் சுவிட்சைப் போட்டிருந்தால் அந்தக் கரண்டுக்கு இறங்க எர்த் இருந்திருக்காது. தொட்டவர் உடம்புதான் இருந்திருக்கும்.

தனலட்சுமிக்கு இதை மெதுவாகச் சொன்னேன். அவர் அரிசி ஒட்டியிருந்த தன் ஈரக் கை இரண்டையும் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். பிறகு, "சாப்ட்டியாம்மா?" என்றார்.

மாவைப் பக்கத்து வீட்டில் அரைத்தார்கள்.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னேன். சார் முகம் வெளுத்துப் போனது. "நான் தொறந்து பாத்திருக்கணும்கா" என்றார். என்னை அனுப்பிவிடவில்லை. நான் அதுவரை மூடிய எல்லா பாயிண்டையும் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன்.

அது மரக்கிளை வெட்ட நிறுத்தின கரண்ட்தானே என்று கலா இன்றைக்கும் சொல்வாள். ஆமாம், கிளை வெட்டத்தான் நிறுத்தினார்கள். ஆனால் அரிசி போட்டுக் கையை நீட்டின அந்த நேரத்துக்கு நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும். நான் பூசையில் ஒன்றும் தெரியாமல் முழங்காலில் இருந்தபோதே அவர் வேலையைத் தொடங்கிவிட்டார்.

இப்போது வில்லியனூர் சுற்றுப்பக்கத்தில் வீடுகளுக்கு வேலைக்குப் போகிறேன். வாசலில் நின்றே சொல்லிவிடுகிறேன்: "ஷூ கழட்ட மாட்டேன். முடிச்சதும் நானே துடைச்சிட்டுப் போறேன்." சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. கடைசி ஸ்க்ரூ முறுக்கும்போது ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொள்கிறேன்.

நீங்களும் ஏதாவது ஒன்றைப் பாதியில் மூடிவிட்டு, சொல்ல வெட்கப்பட்டுத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்களா? என்னைப் போல வாய் வராதவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆண்டவரிடம் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே பஸ் ஏறுங்கள். நீங்கள் போய்ச் சேருகிற வரைக்கும் அவர் பார்த்துக்கொள்வார்.