கிணற்றில் வாளி விழும் சத்தம்

லண்டனில் இருக்கும் என் தங்கை போன ஆடியில் கைக்குழந்தையோடு எங்கள் ஊர் கரவெட்டிக்கு வந்தாள். வந்ததும் வராததுமாகக் குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“உது மருந்து மணக்குது அக்கா. எங்கடை கிணத்துத் தண்ணியை நினைச்சு நினைச்சுத்தான் வந்தனான். ஒரு வாளி அள்ளித் தாங்கோ.”

எனக்கும் சந்தோஷம்தான். வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் நாங்கள் இருவரும் வளர்ந்தோம். குழந்தையின் பால்மாவையும் அதிலேயே கரைத்தேன். முன்னதாகத் தண்ணீரைக் கவனமாக நெடுநேரம் கொதிக்கவும் வைத்தேன்.

சில நாளில் பிள்ளையின் உதடும் நகமும் நீலம் பாரித்தன. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வைத்தியர் முதலில் விசாரித்தது தண்ணீரைத்தான்.

“நல்லாக் கொதிக்க வைச்சனான் டொக்டர்” என்றேன்.

“கொதிச்சால் கிருமிதான் சாகும் அம்மா. தோட்டத்து உரம் கிணத்திலை ஊறி நைத்திரேற்று எண்ட உப்பாய் நிக்குது. தண்ணி வத்த வத்த அது கூடுமே தவிரக் குறையாது. கைக்குழந்தைக்கு அது நஞ்சு.”

நல்லகாலம், பிள்ளை தப்பிவிட்டது.

இப்போது குடிப்பதும் சமைப்பதும் குழாய்த் தண்ணீரில்தான். மருந்து மணம் போவதற்காகப் பானையில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி வைப்பேன். கிணறு பூங்கன்றுகளுக்கு மட்டும்.

லண்டனுக்குத் திரும்பிவிட்ட தங்கை அங்கிருந்து அழைத்தால், “அக்கா, கிணத்தடிக்குப் போங்கோ” என்பாள். போனைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு வாளியை உள்ளே விடுவேன். அது தண்ணீரில் விழும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவள் கதைக்கத் தொடங்குவாள்.