நான் ஓடாத காலையில் வெளிவந்த பதிவு

சைக்கிள் பிரேக்கை விரல்களால் அழுத்த முடியவில்லை. லிங்கநகரில் எங்கள் வீட்டு மதிலில் மோதித்தான் நின்றேன். சிரிப்பு வந்தது. மறுநாள் கட்டிலைவிட்டு எழும்பவே முடியவில்லை.

குயிலான்-பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார் டொக்டர். "கனபேர் சுகப்படுகினம். ஆனா அவசரப்படக் கூடாது." அவசரப்படாமல் நான் எதையுமே செய்ததில்லை.

மூன்று வருடங்களாக ஒவ்வொரு வெள்ளியும் வலைப்பதிவு எழுதினேன். ஒரு கிழமையும் தவறவில்லை. பரீட்சை வருகிறதென்று ஒரு பதிவை முன்கூட்டியே எழுதி, தானாக வெளியாகும்படி நாள் குறித்திருந்தேன். தினமும் ஓடுபவள்தானே, பொய்யாகாது என்ற நினைப்பு. நோய் வந்ததும் அதை மறந்துபோனேன்.

வார்டில் அம்மா எனக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்த வெள்ளியன்று அது வெளியானது: "இன்று காலை உப்புவெளிக் கரையில் ஓடினேன். அலை துரத்தியது, நான் பிடிபடவில்லை."

கோயிலில் எனக்காகச் செபமாலை சொல்லிவந்த றீற்றா அன்ரி மாலையே வந்து நின்றார். "நாங்கள் அங்க கோயிலில முழங்காலில நிக்கிறம், நீ கடற்கரையில ஓடுறியாம்!" போர்வைக்கு வெளியே அசையாமல் கிடந்த என் கால்களைக் கண்டதும் போர்வையை இழுத்து மூடிவிட்டார்.

அவர் போனதும் அம்மா வெடித்தார். "உந்த எழுத்தை விடு. ஊர் சிரிக்குது."

"சிரிக்கட்டும். பொய்யை அப்பிடியே விட ஏலாது. போனைத் தாங்கோ."

அம்மா மறுத்தார். டொக்டரிடம் முறையிட்டேன். "விரலுக்கும் பயிற்சிதான். களைச்சா உடன நிப்பாட்டோணும்," என்றார்.

அடுத்த வெள்ளி, ஓர் எழுத்து அடித்து, ஓய்ந்து, மறுபடி அடித்தேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சொல்லு, நான் அடிச்சு விடுறன்."

"நீங்கள் போனைப் பிடிச்சாக் காணும்."

பிடித்தார், கை வலிக்க வலிக்க. பின்னேரம் வெளியானது: "நான் ஓடவில்லை. படுத்திருக்கிறேன்." இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே சிறியது. அதற்குத்தான் அதிகம் வியர்த்தேன்.

இதே நோயோடு படுத்தபடி இதை வாசிக்கும் உங்களிடம் எழுதச் சொல்லவில்லை. உங்கள் வெள்ளிக்கிழமை எதுவோ, அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது பொல்லூன்றி வீட்டடி ஒழுங்கை முனைவரை நடக்கிறேன். கால்விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன. எப்போது சரியாகும் என்று டொக்டராலும் சொல்ல முடியவில்லை. உடம்பு அந்தக் கிழமை கொடுத்ததை மட்டும் எழுதுகிறேன். சில வெள்ளிகளில் அது ஒரே வரி.

அந்த ஓட்டப் பதிவை அழிக்கவில்லை, வரைவுக்குள் திரும்ப எடுத்து வைத்திருக்கிறேன். நாள் குறிக்கும் இடம் வெறுமையாக இருக்கிறது. அதை என் கால்கள் நிரப்பும்.